மென்பொருள் வரையறு வலையமைப்பும் சென்னையின் மேற்குப் புறநகரும்: ஒரு பாடத்தின் வரலாறு

கணினி வலையமைப்பில் தரவு எந்த வழியாகச் செல்ல வேண்டும் என்று முடிவு செய்யும் வேலையைத் தனித்தனிக் கருவிகளிடமிருந்து பிரித்தெடுத்து, ஒரு மென்பொருளிடம் ஒப்படைக்கும் முறை மென்பொருள் வரையறு வலையமைப்பு எனப்படுகிறது. கல்லூரிகளில் இது எஸ்.டி.என். என்ற சுருக்கப் பெயராலேயே வழங்குகிறது. 2008-ஆம் ஆண்டை ஒட்டி அமெரிக்கப் பல்கலைக்கழக ஆய்வகங்களில் உருப்பெற்ற இத்துறை, அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021-ஆம் ஆண்டு ஒழுங்குமுறையில் இளநிலைப் பொறியியல் மாணவர்களுக்கான ஒரு தனி விருப்பப் பாடமாக இடம்பெற்றது. பொறியியல் கல்லூரிகள் அடர்ந்திருக்கும் பகுதிகளுள் ஒன்று அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஆகியவற்றை உள்ளடக்கிய சென்னையின் மேற்குப் புறநகர். எஸ்.டி.என். மிகுதியாகப் பயன்படும் களமான பெரிய தரவு மையங்களும் அண்மைக் காலத்தில் அதே பகுதியில் எழுந்துள்ளன. இந்தப் பாடம் எங்கே பிறந்தது, இங்கே எப்படி வந்து சேர்ந்தது, இதைப் படிக்கும் மாணவரின் கைக்கு உண்மையில் என்ன கிடைக்கிறது என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

கருத்து விளக்கம்

ஒரு ரவுட்டரோ சுவிட்சோ இரண்டு வேலைகளைச் செய்கிறது. ஒன்று, உள்ளே வரும் தரவுப் பொதியைச் சரியான வாயில் வழியாக வெளியே அனுப்புவது. மற்றொன்று, எந்தப் பொதிக்கு எந்த வாயில் சரி என்று முடிவு செய்வது. முதலாவதைக் கடத்தல் தளம் என்றும், இரண்டாவதைக் கட்டுப்பாட்டுத் தளம் என்றும் சொல்லலாம். பழைய வலையமைப்புகளில் இவ்விரண்டும் ஒரே பெட்டிக்குள் இருந்தன. ஒவ்வொரு பெட்டியும் தன் பக்கத்துப் பெட்டிகளோடு பேசி, தனக்குத் தெரிந்த அளவில் வழியைக் கணக்கிட்டுக்கொண்டது. முழு வலையமைப்பையும் ஒருசேரப் பார்க்கும் இடம் எங்கும் இல்லை.

இதை ரயில் பாதையோடு ஒப்பிட்டுப் புரிந்துகொள்ளலாம். 1856-இல் ராயபுரத்துக்கும் வாலாஜா ரோட்டுக்கும் இடையே தொடங்கிய தென்னிந்தியாவின் முதல் ரயில் பாதை அம்பத்தூர், ஆவடி வழியாகவே செல்கிறது. இத்தகைய பாதையில் ஒவ்வொரு நிலையத்திலும் இருக்கும் ஸ்டேஷன் மாஸ்டர் தன் நிலையத்தின் சிக்னலையும் பாதை மாற்றியையும் இயக்குகிறார். ஆனால் விரைவு வண்டியை முன்னே விடுவதா, மின்சார வண்டியை விடுவதா என்ற முன்னுரிமையைக் கோட்ட அலுவலகத்தில் அமர்ந்திருக்கும் செக்‌ஷன் கன்ட்ரோலர் சொல்கிறார். பாதை முழுவதும் எந்த வண்டி எங்கே நிற்கிறது என்பது அவருக்குத்தான் தெரியும். எஸ்.டி.என். முறையில் கட்டுப்படுத்தி எனப்படும் மென்பொருள் இந்தக் கன்ட்ரோலரின் இடத்தில் இருக்கிறது. சுவிட்சுகள் அதன் முடிவை நிறைவேற்றுகின்றன.

கன்ட்ரோலரோடு தொடர்பு அறுந்தால் என்ன ஆகும் என்ற கேள்வியும் இந்த ஒப்புமையிலேயே எழுகிறது. ரயில் நிலையங்கள் பக்கத்து நிலையத்தோடு பேசி, பாதுகாப்பு விதிப்படி வண்டிகளைத் தொடர்ந்து அனுப்பும். ஓப்பன் வி-சுவிட்ச் என்ற பரவலான மென்பொருள் சுவிட்சிலும் இதற்கு இரண்டு ஏற்பாடுகள் உண்டு. ஓர் ஏற்பாட்டில், கட்டுப்படுத்தியை இழந்த சுவிட்ச் சாதாரண சுவிட்சாக மாறிவிடும். மற்றோர் ஏற்பாட்டில், ஏற்கெனவே பெற்ற விதிகளின்படி மட்டும் இயங்கும். புதிய விதி எதையும் தானாக உண்டாக்காது.

தொலைபேசியில் ஒரு முன்னோடி

கட்டுப்பாட்டையும் கடத்தலையும் பிரிக்கும் எண்ணம் கணினி வலையமைப்புக்கு முன்பே தொலைபேசித் துறையில் இருந்தது. தொடக்கத்தில் ஓர் அழைப்பை இணைப்பதற்கான சைகைகள், பேச்சு செல்லும் அதே கம்பியில்தான் சென்றன. பின்னர் அச்சைகைகளுக்கென்று தனி வழி அமைக்கப்பட்டது. 1980-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஏ.டி. அண்டு டி. நிறுவனம், அழைப்புகளைப் பற்றிய சில முடிவுகளை எக்ஸ்சேஞ்சுகளிடமிருந்து எடுத்து மையக் கணினிகளிடம் வைத்தது.

கட்டணமில்லா எண்கள் இதற்கு எளிய எடுத்துக்காட்டு. அத்தகைய எண்ணை ஒருவர் சுழற்றும்போது, அந்த எண்ணுக்குரிய உண்மையான தொலைபேசி எங்கே இருக்கிறது என்பது உள்ளூர் எக்ஸ்சேஞ்சுக்குத் தெரியாது. அது மையத் தரவுத்தளத்தைக் கேட்டு, கிடைத்த விடையின்படி இணைப்பைக் கொடுக்கிறது. பெட்டிகளை மாற்றாமல், மையத்தில் உள்ள மென்பொருளை மட்டும் மாற்றிப் புதிய சேவையைத் தர முடிந்தது. எஸ்.டி.என். தரும் நன்மையின் சாரமும் இதுவே.

இந்தியாவில் 1984-இல் தொடங்கப்பட்ட சி-டாட் நிறுவனம் உள்நாட்டிலேயே மின்னணு எக்ஸ்சேஞ்சுகளை வடிவமைத்தது. எக்ஸ்சேஞ்சின் உள்ளே எழுதப்பட்ட நிரல் நம் பொறியாளர்களுடையதாக இருந்ததால், சிற்றூர்களின் வெப்பத்துக்கும் தூசுக்கும் ஏற்ப அதை அவர்களால் உருவாக்க முடிந்தது. ஒரு பெட்டியின் உள்ளே கைவைக்கும் உரிமை யாரிடம் இருக்கிறது என்பது, அத்துறையை யார் கற்க முடியும், யார் திருத்த முடியும் என்பதையும் தீர்மானிக்கிறது. எஸ்.டி.என். பிறந்த கதையும் இதே கேள்வியில்தான் தொடங்குகிறது.

மூடிய பெட்டிகளும் பல்கலைக்கழக ஆய்வும்

2000-களின் நடுப்பகுதியில் வலையமைப்பு ஆய்வாளர்கள் ஒரு முட்டுக்கட்டையை எதிர்கொண்டனர். இணையம் உலகின் அன்றாடத் தேவையாகிவிட்டதால் அதில் புதிய நெறிமுறைகளைச் சோதித்துப் பார்க்க யாரும் அனுமதிக்கவில்லை. ரவுட்டர்களும் சுவிட்சுகளும் விற்பனையாளரின் மென்பொருள் பூட்டப்பட்ட நிலையில் வந்தன. பல்கலைக்கழகத்தின் சொந்த வளாகத்தில் இருக்கும் சுவிட்சில்கூடப் பேராசிரியரோ மாணவரோ தாம் எழுதிய நிரலை இயக்க முடியவில்லை.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் நிக் மெக்கியோனின் மாணவராக இருந்த மார்ட்டின் கசாடோ, பெர்க்லியைச் சேர்ந்த ஸ்காட் ஷெங்கர் உள்ளிட்டோருடன் சேர்ந்து ஈத்தேன் என்ற அமைப்பை உருவாக்கி 2007-இல் வெளியிட்டார். யார் யாரோடு தொடர்புகொள்ளலாம் என்ற கொள்கையை ஒரே கட்டுப்படுத்தியில் எழுதி வைத்து, எளிய சுவிட்சுகளை அதற்குக் கீழ்ப்படியச் செய்தது ஈத்தேன். ஸ்டான்ஃபோர்டு வளாகத்தில் 300-க்கும் மேற்பட்ட கணினிகள் இதன் கீழ் இயங்கின.

அடுத்த படியாக 2008-இல் ஓப்பன்ஃபுளோ பற்றிய கட்டுரை வந்தது. பல்கலைக்கழக வளாக வலையமைப்புகளில் புதிய ஆய்வுகளுக்கு வழி திறப்பதே அதன் நோக்கம் என்பது அக்கட்டுரையின் தலைப்பிலேயே சொல்லப்பட்டது. சுவிட்ச் நிறுவனங்கள் தமது வடிவமைப்பு இரகசியத்தை வெளியிட வேண்டியதில்லை. பெரும்பாலான சுவிட்சுகளின் உள்ளே ஏதோ ஒரு வடிவில் இருக்கும் பாய்வு அட்டவணையை மட்டும் வெளியிலிருந்து மாற்றும்படி திறந்துவிட்டால் போதும் என்பது அதன் வாதம். அட்டவணையின் ஒவ்வொரு வரியிலும் மூன்று பகுதிகள் உண்டு: எத்தகைய பொதி, அதை என்ன செய்ய வேண்டும், இதுவரை எத்தனை பொதிகள் இவ்வாறு சென்றன. அந்த வரிகளை எழுதும் உரிமை ஆய்வாளர் கைக்கு வந்தது.

அக்கட்டுரையின் எட்டு ஆசிரியர்களுள் ஒருவர் ஹரி பாலகிருஷ்ணன். சென்னையில் வளர்ந்து, 1993-இல் சென்னை ஐ.ஐ.டி.யில் கணினி அறிவியலில் பி.டெக். முடித்தவர் இவர். பின்னர் எம்.ஐ.டி.யில் பேராசிரியரானார், 2023-இல் மார்க்கோனி பரிசு பெற்றார்.

மென்பொருள் வரையறு வலையமைப்பு என்ற பெயர் 2009-இல் எம்.ஐ.டி. டெக்னாலஜி ரிவியூ இதழ் வழியாகப் பரவியது. அதன்பின் வளர்ச்சி விரைவாக நடந்தது. 2011-இல் கூகுள், மைக்ரோசாஃப்ட், ஃபேஸ்புக், யாகூ, வெரைசன், டாய்ச் டெலிகாம் ஆகியவை சேர்ந்து ஓப்பன் நெட்வொர்க்கிங் ஃபவுண்டேஷனைத் தொடங்கின. 2012-இல் கசாடோ முதலானோர் நிறுவிய நிசிரா நிறுவனத்தை வி.எம்.வேர் சுமார் 126 கோடி டாலருக்கு வாங்கியது. தன் தரவு மையங்களை இணைக்கும் பி4 என்ற வலையமைப்பை எஸ்.டி.என். முறையில் நடத்துவதை விளக்கி 2013-இல் கூகுள் கட்டுரை வெளியிட்டது. பல இணைப்புகளை ஏறத்தாழ முழுக் கொள்ளளவில் பயன்படுத்த முடிந்ததாக அதில் கூறியது. வளாக ஆய்வுக்காகப் பிறந்த கருத்து ஐந்தே ஆண்டுகளில் உலகின் மிகப் பெரிய நிறுவனங்களின் அன்றாடக் கருவியாகிவிட்டது.

சென்னைக்கு வலையமைப்பு வந்த வழி

இந்தியாவிலும் கணினி வலையமைப்பு முதலில் கல்வி நிலையங்களிலேயே வேர்விட்டது. 1986-இல் தொடங்கிய எர்நெட் திட்டத்தில் பங்கேற்ற நிறுவனங்களுள் சென்னை ஐ.ஐ.டி.யும் ஒன்று. பொதுமக்களுக்கான இணையச் சேவையை வி.எஸ்.என்.எல். நிறுவனம் 1995 ஆகஸ்ட் 15-இல் தொடங்கியபோது முதலில் சேவை பெற்ற நகரங்களில் சென்னையும் இருந்தது.

2000-களில் வங்கக் கடல் வழியாக வந்த கடலடிக் கேபிள்கள் சென்னையின் நிலையை மாற்றின. சென்னையையும் சிங்கப்பூரையும் இணைக்கும் ஐ2ஐ கேபிள் 2002-இல் இயங்கத் தொடங்கியது. தொடர்ந்து வேறு கேபிள்களும் சென்னையில் கரையேறின. மும்பைக்கு அடுத்து, நாட்டின் வெளியுலகத் தரவுப் போக்குவரத்துக்கு முக்கிய வாயிலாகச் சென்னை ஆனது.

2010-இல் மத்திய அரசு ஒப்புதல் அளித்த தேசிய அறிவு வலையமைப்பு, ஐ.ஐ.டி.கள், பல்கலைக்கழகங்கள், ஆய்வு நிலையங்கள் போன்றவற்றை அதிவேக இணைப்பால் பிணைக்கத் திட்டமிட்டது. அதன் இலக்கு ஏறக்குறைய 1,500 நிறுவனங்கள். தமிழ்நாட்டில் மட்டும் அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்த பொறியியல் கல்லூரிகள் 400-க்கும் மேல். பெருவாரியான மாணவர்களுக்கு வலையமைப்பு என்பது ஆய்வுப் பொருளாக வருவதற்கு முன், பாடநூலாகவே வந்தது.

மேற்குப் புறநகர்: தொழிற்பேட்டையும் கல்லூரிகளும்

அம்பத்தூர், ஆவடிப் பகுதியின் நவீன வரலாறு தொழிற்சாலைகளின் வரலாறு. 1949-இல் தொடங்கப்பட்ட டி.ஐ. சைக்கிள்ஸ், 1961-இல் நிறுவப்பட்ட ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலை, 1960-களில் உருவாகி ஆயிரம் ஏக்கருக்கும் மேல் விரிந்த அம்பத்தூர் தொழிற்பேட்டை ஆகியவை இப்பகுதியின் அடையாளங்கள். லேத் பட்டறை, அச்சு வார்ப்பு, உதிரிபாகத் தயாரிப்பு என்று வளர்ந்த இங்கே, கற்பதும் வேலை செய்வதும் நெருங்கியே இருந்தன. பாலிடெக்னிக்கிலோ ஐ.டி.ஐ.யிலோ லேத் எந்திரத்தைக் கற்ற மாணவர் அதே வகை எந்திரத்தையே தொழிற்பேட்டையிலும் கண்டார். எந்திரம் திறந்தே இருந்தது. கழற்றிப் பார்க்கலாம், பழுது நீக்கலாம்.

1990-களின் நடுவிலிருந்து இப்பகுதியில் தனியார் பொறியியல் கல்லூரிகள் வரிசையாக எழுந்தன. அம்பத்தூர்–செங்குன்றம் சாலையில் சூரப்பட்டு வேலம்மாள் பொறியியல் கல்லூரி 1995-இல் தொடங்கியது. ஆவடியில் வேல் டெக் 1997-இலும், பூந்தமல்லி–ஆவடி சாலையில் எஸ்.ஏ. பொறியியல் கல்லூரி 1998-இலும், பூந்தமல்லிக்கு அருகே பனிமலர் பொறியியல் கல்லூரி 2000-இலும் தொடங்கப்பட்டன. மேற்கே தண்டலத்தில் ராஜலட்சுமி, சவீதா பொறியியல் கல்லூரிகள் அமைந்தன. கணினி அறிவியலும் தகவல் தொழில்நுட்பமும் இவற்றில் பெரும் துறைகளாயின.

தொடக்கத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்த இப்பகுதிப் பொறியியல் கல்லூரிகள், 2001-இல் அண்ணா பல்கலைக்கழகம் இணைப்புப் பல்கலைக்கழகமாக மாறியபோது அதன் கீழ் வந்தன. இதன் விளைவு, பல நூறு கல்லூரிகளுக்கு ஒரே பாடத்திட்டம், ஒரே வினாத்தாள். கிண்டியில் வகுக்கப்படும் பாடத்திட்டத்தில் ஒரு வரி சேர்ந்தால் அது பூந்தமல்லியிலும் கற்பிக்கப்படும். சேராவிட்டால் பெரும்பாலும் எங்குமே கற்பிக்கப்படாது. பின்னர் வேல் டெக் 2008-இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமானது. வேறு சில கல்லூரிகள் தன்னாட்சி பெற்றுத் தமது பாடத்திட்டத்தைத் தாமே வகுக்கும் உரிமையை அடைந்தன.

பாடத்திட்டத்தில் எஸ்.டி.என்.

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2013, 2017 ஒழுங்குமுறைகளில் கணினி வலையமைப்புகள் என்ற கட்டாயப் பாடம், நெறிமுறைகளை அடுக்கு அடுக்காக விளக்கும் வழக்கமான முறையில் அமைந்திருந்தது. இளநிலை மாணவர்களில் ஆர்வமுள்ளோர் எஸ்.டி.என். பற்றி இணையவழிப் படிப்புகளில் அறிந்தனர். ஜார்ஜியா டெக் பேராசிரியர் நிக் ஃபீம்ஸ்டர் 2013-இல் கோர்ஸெரா தளத்தில் நடத்திய படிப்பு அவற்றுள் முன்னோடி. இந்தியாவில் என்.பி.டெல். வழியாகக் கரக்பூர் ஐ.ஐ.டி. பேராசிரியர் சுதிப் மிஸ்ரா நடத்திய பொருட்களின் இணையம் பற்றிய படிப்பிலும் எஸ்.டி.என். குறித்த பாடங்கள் இருந்தன.

2021 ஒழுங்குமுறை விருப்பப் பாடங்களைத் துறைவாரியாகத் தொகுத்தது. மேகக் கணிமையும் தரவு மையத் தொழில்நுட்பங்களும் என்ற தொகுப்பில் சி.சி.எஸ். 365 என்ற குறியீட்டோடு எஸ்.டி.என். இடம்பெற்றது. ஓப்பன்ஃபுளோ கட்டுரை வெளிவந்து 13 ஆண்டுகள் ஆகியிருந்தன.

இப்பாடம் ஐந்து அலகுகளைக் கொண்டது. முதல் அலகு எஸ்.டி.என். தோன்றிய தேவையையும் கட்டமைப்பையும் சொல்கிறது. இரண்டாவது, ஓப்பன்ஃபுளோ நெறிமுறை, பாய்வு அட்டவணை, ரியூ, ஓப்பன்டேலைட், ஓனோஸ் ஆகிய கட்டுப்படுத்திகள் பற்றியது. மூன்றாவது, போக்குவரத்து நெறிப்படுத்தல், கண்காணிப்பு, பாதுகாப்பு, தரவு மையம் ஆகிய பயன்பாடுகளைப் பேசுகிறது. கடைசி இரண்டு அலகுகள், தீயரண் போன்ற தனிக் கருவிகளின் வேலையைப் பொதுவான கணினிகளில் மென்பொருளாக இயக்கும் முறையை விளக்குகின்றன. விரிவுரைக்கு 30 மணி நேரமும் செய்முறைக்கு 30 மணி நேரமும் ஒதுக்கப்பட்டுள்ளன.

இந்தச் சரிபாதிப் பங்கீடு கவனிக்கத்தக்கது. மாணவர் தாமே ஒரு மெய்நிகர் எஸ்.டி.என். ஆய்வகத்தை அமைக்க வேண்டும்; ஓப்பன்ஃபுளோ செய்திகளை வயர்ஷார்க் கருவியில் பிடித்துப் பார்க்க வேண்டும்; சுவிட்சாகவோ தீயரணாகவோ செயல்படும் விதிகளைத் தாமே நிரலாக எழுத வேண்டும் என்று பாடத்திட்டம் கேட்கிறது. மூடிய பெட்டியைத் திறப்பதற்காகப் பிறந்த துறைக்கு இது பொருத்தமான அமைப்பு.

மடிக்கணினிக்குள் ஒரு வலையமைப்பு

விலை உயர்ந்த சுவிட்சுகள் இல்லாமலேயே இச்செய்முறைகளைச் செய்ய வழிவகுத்தது மினிநெட் என்ற கட்டற்ற மென்பொருள். பாப் லான்ட்ஸ், பிராண்டன் ஹெல்லர், நிக் மெக்கியோன் ஆகியோர் இதை 2010-இல் ஓர் ஆய்வுக் கட்டுரையில் அறிமுகப்படுத்தினர். லினக்ஸ் இயங்குதளம் ஒரே கணினிக்குள் பல தனித்தனி வலையமைப்பு வெளிகளை உருவாக்கும் வசதி கொண்டது. அதைப் பயன்படுத்தி, ஒரு மடிக்கணினிக்குள் பல கணினிகளும் சுவிட்சுகளும் இணைப்புகளும் இருப்பதுபோல் மினிநெட் அமைத்துத் தருகிறது.

கல்லூரி ஆய்வகங்களில் அதற்கு முன் பயன்பட்ட என்.எஸ். போன்ற கருவிகள் வலையமைப்பின் போக்கைக் கணக்கிட்டுக் காட்டும் பாவிப்பிகள். மினிநெட்டில் ஓடுவது உண்மையான லினக்ஸ் நிரல். அனுப்பப்படுவது உண்மையான பொதி. அங்கே எழுதிய கட்டுப்படுத்தி நிரலை, பெரிய மாற்றமின்றி உண்மையான ஓப்பன்ஃபுளோ சுவிட்சுக்கும் கொண்டுபோகலாம்.

முதல் செய்முறையே இத்துறையின் சாரத்தைக் காட்டிவிடும். ஒரு சுவிட்ச், மூன்று கணினிகள், ஒரு கட்டுப்படுத்தி என்று அமைத்து, முதல் கணினியிலிருந்து இரண்டாவதுக்குப் பிங் அனுப்பினால், முதல் பொதிக்கு அட்டவணையில் விதி இராது. சுவிட்ச் அதைக் கட்டுப்படுத்தியிடம் அனுப்பி விடை கேட்கும். கட்டுப்படுத்தி முடிவு செய்து, விதியை அட்டவணையில் எழுதும். ஆகவே முதல் பிங்குக்குச் சில மில்லிநொடிகள் பிடிக்கும். அடுத்தடுத்தவை ஒரு மில்லிநொடிக்கும் குறைவாகவே முடிந்துவிடும். திரையில் தெரியும் இந்த வேறுபாடுதான் இரண்டு தளங்களுக்கும் இடையிலான தூரம். இடையில் கட்டுப்படுத்தியை நிறுத்திப் பார்த்தால், பழைய விதிகள் காலாவதியாகும் வரை பிங் ஓடி, பிறகு நின்றுபோவதையும் காணலாம். படத்தோடு பத்து மதிப்பெண் விடையாக எழுதும் செய்தி, இப்படிச் செய்தால் ஐந்து நிமிடத்தில் புரிந்துவிடுகிறது.

மினிநெட்டுக்கு எல்லைகளும் உண்டு. எல்லாச் சுவிட்சுகளும் ஒரே செயலியைப் பகிர்வதால் தரவு மையத்தின் வேகத்தை அதில் காண முடியாது. வன்பொருள் சுவிட்சுகளில் விதிகளை வைக்கும் சிறப்பு நினைவகம் விலை உயர்ந்தது, அளவில் சிறியது. மடிக்கணினியில் அந்தப் பற்றாக்குறையை மாணவர் உணர்வதில்லை. மென்பொருள்களும் மூப்படைகின்றன. எளிமையால் மாணவரிடம் பரவிய ரியூ கட்டுப்படுத்தியின் வளர்ச்சி நின்றுபோய், புதிய பைத்தான் பதிப்புகளில் அதை நிறுவுவது தொல்லையாகிவிட்டது. ஓப்பன்ஸ்டாக் திட்டத்தினர் அதன் கிளையை ஓ.எஸ்.-கென் என்ற பெயரில் பராமரித்து வருகின்றனர்.

அம்பத்தூரின் தரவு மையங்கள்

எஸ்.டி.என். பாடத்திட்டத்துக்கு வந்த அதே 2021-ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசு தரவு மையக் கொள்கையை வெளியிட்டது. கடலடிக் கேபிள்களின் அருகாமை, தொழிற்பேட்டைக்கென்று முன்பே அமைந்த மின் கட்டமைப்பு, தொழில் பயன்பாட்டுக்கு உரிய நிலம் ஆகியவை அம்பத்தூருக்குச் சாதகமாக இருந்தன. 2023-இல் என்.டி.டி. நிறுவனம் அம்பத்தூரில் 6 ஏக்கரில் இரண்டு கட்டடங்கள் கொண்ட தரவு மைய வளாகத்தைத் தொடங்கியது. கணினிக் கருவிகளுக்கான அதன் மின்கொள்ளளவு 34.8 மெகாவாட். 2024 ஜனவரியில் டிஜிட்டல் கனெக்‌ஷன் நிறுவனத்தின் வளாகம் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் 10 ஏக்கரில் திறக்கப்பட்டது. 100 மெகாவாட் வரை விரிவாக்கும் திட்டம் கொண்டது அது.

இங்கே ஒரு தொடர்பு மாணவர்கள் அறியத்தக்கது. பாடத்திட்டத்தில் பெயர் குறிப்பிடப்பட்டுள்ள ரியூ கட்டுப்படுத்தியை உருவாக்கியது ஜப்பானின் என்.டி.டி. ஆய்வகம். ஜப்பானிய மொழியில் ரியூ என்பதற்குப் பாய்வு என்பது பொருள். அதே குழுமத்தின் கட்டடம்தான் இன்று அம்பத்தூரில் நிற்கிறது.

ஆனால் லேத் பட்டறைக்கும் பாலிடெக்னிக்குக்கும் இருந்த நெருக்கம் தரவு மையத்துக்கும் கல்லூரிக்கும் தானாக வந்துவிடுவதில்லை. இத்தகைய வளாகங்கள் பெரும்பாலும் இடம், மின்சாரம், குளிரூட்டல், பாதுகாப்பு ஆகியவற்றை வாடகைக்குத் தருபவை. உள்ளே இருக்கும் சர்வர்களும் சுவிட்சுகளும் வாடிக்கையாளர்களுடையவை. அவற்றை ஆளும் மென்பொருளை அந்த நிறுவனங்களின் பொறியாளர்கள் வேறு நகரங்களிலோ வேறு நாடுகளிலோ இருந்துகொண்டே எழுதலாம், இயக்கலாம். கட்டுப்பாட்டைக் கடத்தலிலிருந்து பிரிக்க முடியும் என்பதுதானே எஸ்.டி.என். சொல்வது. கடத்தல் தளம் அம்பத்தூருக்கு வந்துவிட்டது என்பதால் கட்டுப்பாட்டுத் தளமும் உடன் வரும் என்ற உறுதி இல்லை. கட்டடத்துக்குள் ஜெனரேட்டரையும் குளிரூட்டியையும் கவனிக்கும் வேலைகள் உள்ளூரில் கிடைக்கும். வலையமைப்பின் போக்கை முடிவு செய்யும் வேலை, அதை எழுதத் தெரிந்தவர் எங்கே இருக்கிறாரோ அங்கே போகும்.

தமிழில் கலைச்சொற்கள்

இத்துறையைத் தமிழில் எழுதுவோர் தொடக்கத்திலேயே ஒரு சிக்கலைச் சந்திக்கின்றனர். டேட்டா பிளேன் என்பதைத் தரவுத் தளம் என்று பெயர்த்தால், டேட்டாபேஸ் என்பதற்கு ஏற்கெனவே நிலைபெற்றுவிட்ட தரவுத்தளம் என்ற சொல்லோடு அது குழம்புகிறது. அதனால் இக்கட்டுரையில் கடத்தல் தளம் என்ற சொல் கையாளப்பட்டது. அண்ணா பல்கலைக்கழகம் 2010-இல் தமிழ்வழிப் பொறியியல் படிப்பைத் தொடங்கியபோது கட்டடவியல், இயந்திரவியல் ஆகிய இரண்டு துறைகளையே எடுத்துக்கொண்டது. கணினித் துறை அதில் சேராததால் வலையமைப்புக் கலைச்சொற்கள் வகுப்பறையில் புழங்கித் தேறும் வாய்ப்பு குறைந்தது. ஆசிரியர் ஆங்கிலச் சொற்களைத் தமிழ் வாக்கியத்தில் கோத்து விளக்குவதும், மாணவர் ஆங்கிலத்தில் தேர்வு எழுதுவதுமே நடைமுறை.

மதிப்பீடு

ஓப்பன்ஃபுளோவின் செல்வாக்கு இன்று முன்புபோல் இல்லை. சுவிட்ச் பொதிகளைக் கையாளும் முறையையே நிரலாக எழுத உதவும் பி4 என்ற மொழி 2014-இல் வந்தது. கூகுளின் வலையமைப்போடு பெயர் தமிழ் எழுத்தில் ஒன்றினாலும் இது வேறு. ஆயினும் அம்மொழிக்கென்று உருவான டோஃபினோ சில்லுகளின் மேல்வளர்ச்சியை இன்டெல் 2023-இல் நிறுத்திவிட்டது. அதே ஆண்டின் இறுதியில் ஓப்பன் நெட்வொர்க்கிங் ஃபவுண்டேஷனின் திட்டங்கள் லினக்ஸ் ஃபவுண்டேஷனின் கீழ் சென்றன. கருவிகளின் ஆயுள் குறைவு. பாடத்திட்டம் அவற்றை எட்டிப் பிடிப்பதற்குள் அவை மாறிவிடுகின்றன.

நிலைத்து நிற்பது பிரித்தல் என்ற கருத்து. மேகக் கணிமையில் ஒரு வாடிக்கையாளரின் வலையமைப்பைச் சில நொடிகளில் உருவாக்குவதும், பல கிளைகள் கொண்ட வங்கி தன் இணைப்புகளை ஒரே இடத்திலிருந்து நிர்வகிப்பதும், 5ஜி வலையமைப்பின் மையப் பகுதியில் கட்டுப்பாடும் பயனர் தரவும் தனித்தனியே இயங்குவதும் இதன் வெவ்வேறு வடிவங்கள். சென்னை ஐ.ஐ.டி. தலைமையில் எட்டு நிறுவனங்கள் உருவாக்கிய 5ஜி சோதனைத் தளம் 2022 மே மாதம் தொடங்கப்பட்டபோது, இத்தகைய ஆய்வுக்குத் தமிழ்நாட்டிலேயே ஓர் இடம் கிடைத்தது.

எனவே மேற்குப் புறநகரில் இப்பாடத்தைத் தேர்ந்தெடுக்கும் மாணவருக்கு எந்தக் கட்டுப்படுத்தியின் பெயர் நினைவிருக்கிறது என்பது பெரிதல்ல. அந்த 30 மணி நேரச் செய்முறை உண்மையில் நடந்ததா, நண்பரின் பதிவேட்டிலிருந்து படியெடுக்கப்பட்டதா என்பதே பெரிது. மினிநெட், ஓப்பன் வி-சுவிட்ச், ஓனோஸ் ஆகிய அனைத்தும் கட்டணமின்றிக் கிடைப்பவை. அவற்றின் மூல நிரலை யாரும் படிக்கலாம், திருத்தலாம். 2008-இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் தமது வளாகச் சுவிட்சில் கேட்ட உரிமையை, இன்று சூரப்பட்டிலோ ஆவடியிலோ ஒரு மாணவர் தம் மடிக்கணினியில் எந்த அனுமதியும் இல்லாமல் பெறுகிறார். தரவு மையத்தின் வாயிற்கதவு அவருக்குத் திறக்காமல் இருக்கலாம். அதை ஆளும் மென்பொருளுக்கு அத்தகைய கதவு இல்லை.